கழுத்து வலி, அவ்வளவுதான்

நம்பாவிட்டால் போங்கள். உங்களை நம்ப வைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. இது நடந்தது. நடந்தது என் அண்ணிக்கு. அதில் ஒரு பகுதி நடக்கும்போது நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், ஆறிப்போன டீயோடு உட்கார்ந்திருந்தேன். மீதியை அண்ணியே சொன்னார். என் அண்ணி பொய்யே சொல்லமாட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. பொய் சொல்லக் கொஞ்சம் கற்பனை வேண்டும். அது அவரிடம் கிடையாது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளை உடை, விரித்த கூந்தல், ஊளையிடும் நாய் எல்லாம் வேண்டுமென்றால் வேறு கடை பாருங்கள். இது பட்டப்பகலில் நடந்தது. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஒரு மாதிரி இருக்கிறது.

அண்ணிக்கு மெடிக்கல் கோடிங் கம்பெனியில் வேலை. எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரியில் யாருக்கோ ஸ்கேன் எடுப்பார்கள். டாக்டர் அந்தப் படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவார். அது அண்ணியின் கம்பெனிக்கு வரும். அங்கே வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் அதைப் படித்து, இன்ன நோய், இன்ன படம் என்று உரிய எண்ணைப் போடுவார்கள். அந்த எண்ணைப் பார்த்துத்தான் காப்பீட்டுக் கம்பெனி மற்றதை முடிவு செய்யும். அண்ணி இருந்தது கழுத்துப் பிரிவு. காலை முதல் மாலை வரை கழுத்து. தேய்ந்த எலும்பு, பிதுங்கிய டிஸ்க், நசுங்கிய நரம்பு. எக்ஸ்ரேயை மூன்று கோணத்தில் எடுத்தால் ஒரு எண், ஐந்து கோணத்தில் எடுத்தால் வேறு எண். மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்தால் ஒன்று, ஏற்றாமல் எடுத்தால் இன்னொன்று. இத்தனை வருஷத்தில் அண்ணி ஒரு படத்தைக்கூடப் பார்த்ததில்லை. ஒரு நோயாளியைக்கூடப் பார்த்ததில்லை. அந்த வேலைக்குப் படிக்கத் தெரிந்தால் போதும்.

கடைசியில் அவரை ஆடிட்டர் ஆக்கினார்கள். மற்றவர்கள் போட்ட எண் சரியா என்று பார்த்து மார்க் வெட்டுகிற வேலை. அதனால் அந்தத் தளத்தில் அவருக்குக் ‘கத்திரி’ என்று பெயர். அண்ணிக்கு அது தெரியும். தெரிந்து பெருமைப்பட்டார். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டு வகை ஆட்கள்தான். முட்டாள்கள், இன்னும் பிடிபடாத முட்டாள்கள். அண்ணன் முதல் வகை. நான் அண்ணனுக்குத் தம்பி, ஆகையால் எனக்குத் தேர்வே வைக்கவில்லை.

அவர்கள் தொழிலில் இரண்டு கட்டளைகள். ரிப்போர்ட்டில் எழுதாதது நடக்கவில்லை. இது ஒன்று. ‘இருக்கலாம்’ என்று டாக்டர் எழுதியிருந்தால் அது இல்லை. இது இரண்டு. ‘தண்டுவடம் அழுந்தியிருக்கலாம்’ என்று இருந்தால் தண்டுவடத்துக்கு எண் போடக்கூடாது. நோயாளி என்ன சொல்லிக்கொண்டு வந்தாரோ அதற்குத்தான் போட வேண்டும். கழுத்து வலி என்று வந்தாரா? கழுத்து வலி. எம் 54.2. முடிந்தது. காகிதத்துக்கு இது நல்ல விதிதான். அண்ணி அதைக் காகிதத்தோடு விட்டிருக்கலாம்.

அந்தத் தளத்தின் மூலையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நெட்டையான ஆள். கழுத்தை முன்னால் நீட்டித் திரையையே பார்த்துக்கொண்டு அசையாமல் இருப்பார். கொக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாள் முழுக்கக் கழுத்து நோயையே படிக்கிற அத்தனை பேருக்கு நடுவில் ஒருவருடைய கழுத்து கண்ணெதிரே கெட்டுக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் சேர்ந்து கண்டுபிடித்தது ஒரு பட்டப்பெயர். படித்தவர்கள்.

போகப் போகக் கொக்குக்குக் கழுத்து திரும்பவில்லை. யாராவது கூப்பிட்டால் நாற்காலியோடு முழுசாகத் திரும்புவார். கிரீச்ச்ச்... என்று சத்தம் வரும். பிறகு விரல்கள் மரத்துப்போயின. சட்டைப் பொத்தானைப் போட வரவில்லை. மேல் பொத்தான் திறந்தே கிடக்கும். ஒருநாள் எக்ஸ்ரே எடுத்து, அந்த ரிப்போர்ட்டோடு வந்து லீவு கேட்டார். டீம் லீடருக்குத் தானாக எதையும் முடிவு செய்து பழக்கமில்லை. பிறந்ததே யாரிடமாவது கேட்டுக்கொண்டுதான் பிறந்திருப்பார். ரிப்போர்ட்டை அண்ணியிடம் கொண்டுவந்து நீட்டினார்.

அண்ணி படித்தார். ‘தண்டுவடம் அழுந்தியிருக்கலாம். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கவும்.’

“இருக்கலாம்னா இல்லன்னு அர்த்தம்,” என்றார். “கழுத்து வலி. அவ்வளவுதான். இதுக்கெல்லாம் லீவு குடுத்தா நாளைக்கு ஃப்ளோரே காலியாயிடும்.”

கொக்கு போகாமல் நின்றார்.

“மேடம்... ஒரே ஒரு நிமிஷம். என் கையைப் பாருங்க.”

“நான் கையைப் பாக்குறவ இல்ல. ரிப்போர்ட்டப் பாக்குறவ.”

இதை அண்ணி அன்றைக்குச் சாப்பிடும்போது எங்களிடம் சொன்னார். நல்ல பதில் சொல்லிவிட்ட திருப்தியில் இரண்டாம் தடவையும் சொன்னார். அண்ணன் சிரித்தார். மனைவியின் நகைச்சுவைக்குச் சிரித்துவிடுவது அவர் உடம்புக்கு நல்லது.

அடுத்த வாரம் கொக்கு வேலைக்கு வரவில்லை. போன் எடுக்கவில்லை. கொஞ்ச நாள் பார்த்துவிட்டுக் கம்பெனி அவர் பெயருக்கு எதிரே ‘தலைமறைவு’ என்று போட்டது. சொல்லாமல் நின்றுவிட்டால் அங்கே அப்படித்தான் போடுவார்கள், ஏதோ வங்கியைக் கொள்ளையடித்தவனைப் போல. லாகினை முடக்கினார்கள். அந்த மூலையில் வேறு யாரையும் உட்கார வைக்கவில்லை.

நாற்காலியில்தான் ஆரம்பித்தது.

ஒரு திங்கட்கிழமை காலை அண்ணி உள்ளே வந்தபோது மூலை நாற்காலி அவருடைய இருக்கையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. போய் மேசைக்குள் தள்ளிவிட்டு வந்தார். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் மறுபடியும் இவரைப் பார்த்து. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். சுத்தம் செய்கிற அம்மாள் அங்கே உட்கார்ந்து தூங்குகிறார் என்று அண்ணி முடிவு கட்டினார். கூப்பிட்டு விரட்டினார்.

“அந்தப் பக்கம் நான் போறதே இல்லம்மா,” என்றார் அந்த அம்மாள். “அந்த சார் எழுந்திரிச்சதும் கூட்டலாம்னு பாக்குறேன். அவரு எழுந்திரிக்கவே மாட்டேங்கிறாரு.”

“எந்த சாரு?”

“அதான்... நெட்டையா. முதுகு காட்டிட்டு உக்காந்திருப்பாரே.”

அண்ணி பல்லைக் கடித்தார். இந்த அம்மாளுக்குக் கண் தெரியவில்லை, வேறு ஆள் போட வேண்டும் என்று டீம் லீடருக்கு ஒரு மெயில் அனுப்பினார். எழுத்துப்பூர்வமாக.

அதே வாரத்தில் அண்ணியின் வலது கைச் சுண்டுவிரல் மரத்தது. பிறகு மோதிரவிரல். பிறகு நடுவிரல். வீட்டில் டம்ளர் கைநழுவி விழுந்தது. ‘வழவழன்னு கழுவி வச்சிருக்கீங்க’ என்று அண்ணனுக்குத் திட்டு. தலையைத் திருப்பினால் கழுத்துக்குள்ளே சத்தம் கேட்டது. மளுக். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது.

அண்ணன் கெஞ்சிக் கூத்தாடி டாக்டரிடம் அழைத்துப் போனார். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, அண்ணியின் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். பிறகு அண்ணனைப் பார்த்துப் பேசினார்.

“தண்டுவடத்துல அழுத்தம் இருந்தா, இது ஆரம்பம். நாளாக ஆகக் கை போகும். அப்புறம் நடை போகும். போனது திரும்பி வராது. உடனே எம்.ஆர்.ஐ. எடுங்க.”

அண்ணி அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. ரிப்போர்ட்டைப் படித்துக்கொண்டிருந்தார். ‘தண்டுவடம் அழுந்தியிருக்கலாம். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கவும்.’

அதே வார்த்தைகள். ஒரு எழுத்துகூட மாறவில்லை. எல்லா டாக்டரும் ஒரே மாதிரிதான் எழுதித் தொலைப்பார்கள் என்றார் அண்ணி. வெளியே வந்ததும் ரிப்போர்ட்டை நான்காக மடித்துக் கைப்பைக்குள் போட்டார்.

“இருக்கலாம்னா இல்ல. கழுத்து வலி. அவ்வளவுதான்.”

தன் விஷயத்திலும் அவர் விதியை மீறவில்லை. அதற்காக அவரை மெச்சலாம் என்று நினைத்தேன். மெச்சுவதற்குள் அவருக்கு ஸ்பூன்கூடப் பிடிக்க முடியாமல் போய்விட்டது. இடது கையால் சாப்பிட்டார். நாங்கள் யாரும் அதைப் பார்க்கக்கூடாது.

அப்புறம் அந்த மதியம்.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். தளம் காலி. இடது கையால் சாப்பிடுவதை நாலு பேர் பார்க்கவேண்டாம் என்று அண்ணி மட்டும் இருக்கையிலேயே இருந்தார். மணி ஒன்று பத்து. ஏ.சி.யின் இரைச்சலைத் தவிரச் சத்தமில்லை.

கிரீச்ச்ச்...

பின்பக்கம். மூலையில்.

அண்ணி திரும்பிப் பார்க்கப் போனார். கழுத்து திரும்பவில்லை. வலி என்று இல்லை. திரும்பவில்லை, அவ்வளவுதான். பூட்டிய கதவு மாதிரி நின்றுவிட்டது.

“மேடம்... ஒரே ஒரு நிமிஷம்.”

மெதுவான குரல். காதுக்குப் பக்கத்தில் இல்லை. மூலையிலிருந்துதான் வந்தது. எப்போதும் வருகிற மாதிரி, தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

அண்ணி தரையில் காலை ஊன்றி நாற்காலியோடு முழுசாகத் திரும்பினார்.

அவருடைய நாற்காலியும் சத்தம் போட்டது. கிரீச்ச்ச்...

மூலை நாற்காலியில் யாருமில்லை. மேசையில் மெலிதாகத் தூசி. தூசிக்கு நடுவில் ஒரு பொத்தான். வெள்ளைச் சட்டைப் பொத்தான். நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

அண்ணி அதை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார். கூடைக்குள் அது விழுந்த சத்தத்தைக் கேட்டதாகச் சொன்னார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலையே எம்.ஆர்.ஐ.க்குச் சம்மதித்தார். பயந்து அல்ல. பயப்படுவது முட்டாள்களின் வேலை.

“ஒண்ணும் இல்லன்னு எழுத்துல வாங்கிட்டு வரேன்,” என்றார். “அப்பவாவது இந்த வீட்ல நிம்மதியா இருக்கலாம்.”

அண்ணனுக்கு வேலை இருந்தது. நான்தான் அழைத்துப் போனேன். காலை பதினோரு மணிக்கு ஸ்கேன். டெக்னீஷியன் ஒரு இளம்பெண். அண்ணியிடம் ஒரு தாளை நீட்டிக் கேள்வி கேட்டாள்.

“உடம்புல உலோகம் ஏதாவது இருக்கா? தகடு, ஸ்க்ரூ?”

“கிடையாது.”

“ஆபரேஷன்?”

“எதுவும் ஆனதில்ல. எழுதிக்கோங்க.”

உடுப்பு மாற்றச் சொன்னாள். பையே இல்லாத உடுப்பு. வளையல், தோடு, எல்லாவற்றையும் கழற்றி என்னிடம் கொடுத்தார். படுக்க வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, முகத்துக்கு மேல் ஒரு கூண்டைப் பூட்டினாள். கையில் ஒரு ரப்பர் குமிழைத் திணித்தாள்.

“பயமா இருந்தா இதை அமுக்குங்க. அலாரம் அடிக்கும். உடனே வெளிய எடுத்துடுறேன்.”

வலது கையில் கொடுத்தாள். மரத்துப்போன கை. அதை ஒரு சின்னப் பெண்ணிடம் ஒப்புக்கொள்ள அண்ணிக்கு வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டார்.

பலகை உள்ளே நகர்ந்தது.

நான் இருந்த இடத்திலிருந்து கண்ணாடி வழியாக டெக்னீஷியன் தெரிந்தாள். மைக்குக்குப் பக்கத்தில் பிஸ்கட் பாக்கெட். பிஸ்கட்டைத் தின்றுகொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் ஒரே ஒரு தடவைதான் மைக்கில் பேசினாள். பிறகு வாயைத் திறந்ததெல்லாம் பிஸ்கட்டுக்குத்தான். இதற்கு நான் சாட்சி. வேறு எதற்கும் இல்லாவிட்டாலும் இதற்கு.

உள்ளே அண்ணிக்குக் கேட்டது இது.

“அசையாம இருங்க.” பெண் குரல்.

டக்... டக்... டக்... டக்...

மூக்குக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் வெள்ளைச் சுவர். கண்ணை மூடிக்கொண்டார்.

டர்ர்ர்ர்ர்ர்...

சத்தம் நின்றது. அமைதி. ஹெட்போனில் ஒரு கரகரப்பு.

“மேடம்...”

ஆண் குரல்.

“ஒரே ஒரு நிமிஷம்.”

அண்ணி குமிழை அமுக்கினார். அமுக்கியதாக நினைத்தார். விரல் மடங்கியதா இல்லையா, தெரியவில்லை. கையில் குமிழ் இருந்ததா, அதுவும் தெரியவில்லை.

“அமுக்குனீங்களா, மேடம்?”

மறுபடி அமுக்கினார்.

“எங்கயும் பதிவாகல.”

டக்... டக்... டக்...

“பதிவாகலன்னா நடக்கல. இல்லையா, மேடம்?”

கத்தினார். கத்தினாரா? தன் குரல் தனக்கே கேட்கவில்லை என்றார்.

அப்போது பின்கழுத்தில் ஒரு விரல்.

பலகைக்கும் கழுத்துக்கும் நடுவில் விரல் நுழைய இடமே கிடையாது.

சில்லென்று இருந்தது. தடுமாறிக்கொண்டே மேலிருந்து கீழே வந்தது. பொத்தானைத் தேடுகிற விரல் மாதிரி. ஒவ்வொரு எலும்பாகத் தொட்டது.

முதல் எலும்பு.

இரண்டு.

மூன்று.

நான்கு...

ஐந்து.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நின்றது.

அழுத்தியது.

மளுக்.

கண்ணாடிக்கு வெளியே நான் அப்போது தற்செயலாக நிமிர்ந்தேன். டெக்னீஷியனின் திரையில் மணி பதினொன்று இருபது. அவள் அடுத்த பிஸ்கட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே எடுத்து என்னை உள்ளே கூப்பிட்டபோது அண்ணியின் முகத்தில் ரத்தமே இல்லை. ரப்பர் குமிழ் படுக்கைக்குப் பக்கத்தில் அதன் குழாயில் தொங்கிக்கொண்டிருந்தது. அலாரம் அடிக்கவே இல்லை என்றாள் டெக்னீஷியன். குமிழை அமுக்கிக் காட்டினாள். நன்றாகத்தான் அடித்தது.

“கையில என்னங்க வச்சிருக்கீங்க?” என்று கேட்டாள்.

அண்ணியின் வலது கை மூடியிருந்தது. அவருக்கே அது தெரியவில்லை. நான்தான் ஒவ்வொரு விரலாக விரித்தேன்.

உள்ளே ஒரு வெள்ளைச் சட்டைப் பொத்தான். நூலோடு.

மறுநாள் சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. அண்ணி நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்தார்.

‘ஐந்தாம், ஆறாம் கழுத்தெலும்புகளில் முன்பே அறுவை சிகிச்சை நடந்துள்ளது. உலோகத் தகடும் நான்கு திருகுகளும் காணப்படுகின்றன. கீழே இடப்பக்கத் திருகு சற்றுச் சாய்ந்துள்ளது. தண்டுவடத்தில் புதிய அழுத்தம் இல்லை.’

என் அண்ணிக்குக் கழுத்தில் ஆபரேஷன் நடந்ததில்லை. தழும்புகூடக் கிடையாது. யாருடைய படத்தையோ மாற்றிவிட்டார்கள், முட்டாள்கள், என்று என்னையும் இழுத்துக்கொண்டு சென்டருக்குப் போனார். ஸ்கேன் டாக்டர் திரையில் படத்தைப் போட்டார். தன் வாழ்நாளில் அண்ணி பார்த்த முதல் கழுத்துப் படம் அது.

“அன்னைக்குக் கழுத்து ஸ்கேன் எடுத்ததே நீங்க ஒருத்தர்தான்,” என்றார் டாக்டர். தாடைப் பக்கம் ஒரு கருநிழலைத் தொட்டுக் காட்டினார். “இது கேப் போட்ட பல்லோட நிழல். பல் உங்களோடதுதானே?”

அண்ணி நாக்கால் அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்தார். அவருடையதுதான். தாடை அவருடையது, பல் அவருடையது. அதற்குக் கீழே இருந்த கழுத்து அவருடையது இல்லை.

திரும்ப எடுங்கள் என்றார் அண்ணி. காப்பீட்டு அனுமதி வேண்டும், இல்லையென்றால் கைக்காசு கட்ட வேண்டும் என்றார்கள். அவர்கள் தப்புக்கு நான் ஏன் கட்ட வேண்டும் என்றார் அண்ணி. காப்பீட்டுக் கவுண்டருக்குப் போனோம். அங்கே ஒரு ஆள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் படித்தான்.

“ஆபரேஷன் ஆயிருக்கு. எல்லாம் சரியா இருக்குன்னு இருக்கு. ரெண்டாவது ஸ்கேன் எதுக்கும்மா?”

“எனக்கு ஆபரேஷனே ஆகல!”

“ஆகலன்னு எங்கயாவது எழுதியிருக்கா?”

அண்ணி கவுண்டர் மேல் வலது கையைத் தூக்கி வைத்தார். இடது கையால் தூக்கி வைத்தார். அதற்குள் அந்தக் கை அப்படித்தான் ஆகியிருந்தது.

“என் கையைப் பாருங்க,” என்றார். “தயவுசெஞ்சு... என் கையைப் பாருங்க.”

“நாங்க கையெல்லாம் பாக்குறதில்லம்மா. ரிப்போர்ட்டத்தான் பாப்போம்.”

அண்ணி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர் வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அந்த ஆளை அறைய வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. விதிப்படி சரியாகத்தான் சொன்னான்.

விண்ணப்பம், மறுப்பு, மேல் விண்ணப்பம் என்று நாட்கள் போயின. அண்ணியின் வலது கால் தரையில் இழுக்க ஆரம்பித்தது. கடைசியில் அண்ணன், அந்த முதல் வகை முட்டாள், யாரையும் கேட்காமல் அண்ணியைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். தகடும் இல்லை, திருகும் இல்லை. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் டிஸ்க் பிதுங்கி, தண்டுவடம் நசுங்கியிருந்தது. அன்று மாலையே ஆபரேஷன். கால் பிழைத்தது. வலது கையில் மூன்று விரல்கள் திரும்பவில்லை. சீக்கிரம் வந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்கும் என்றார் டாக்டர்.

தெம்பு வந்ததும் அண்ணி என்னைக் கூப்பிட்டார். இடது கையில் அந்தப் பொத்தான்.

“தம்பி, இத அவரு வீட்ல குடுத்துட்டு வாங்க.”

அவரு என்றார். அதுவரை அந்த ஆளு என்றுதான் சொல்வார்.

விசாரித்துப் போனேன். கொக்கின் மனைவி கதவைத் திறந்தார். லீவு கிடைக்காத அதே வாரம் அவர் குளியலறையில் தடுக்கி விழுந்தாராம். அவசரமாக ஆபரேஷன். கொஞ்ச நாள்தான் இருந்தார்.

“அவரு போயிட்டாருன்னு ஆபீசுக்குப் போன் பண்ணிச் சொன்னேங்க,” என்றார். “மெயில்ல எழுதி அனுப்புங்கன்னாங்க. எழுத்துல இருந்தாத்தான் சிஸ்டத்துல ஏறுமாம். எனக்கு அப்ப அதெல்லாம் முடியல.”

எழுதாதது நடக்கவில்லை. அதனால் கம்பெனிக் கணக்கில் அவர் இன்னும் சாகவில்லை. தலைமறைவு.

பொத்தானைக் கொடுத்தேன். அவர் உள்ளே போய் ஒரு சட்டையைக் கொண்டுவந்தார். கடைசியாக வேலைக்குப் போட்டுக்கொண்டு போனது. மேல் பொத்தான் இல்லை. அந்த இடத்தில் நூலின் மறுபாதி தொங்கிக்கொண்டிருந்தது. எப்படிக் கிடைத்தது என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேட்டேன். பீரோ மேலிருந்து எடுத்துத் தந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு தகடு. நான்கு திருகுகள். கீழே இடப்பக்கத் திருகு சற்றுச் சாய்ந்திருந்தது.

அவர் இறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாற்காலி முதன்முதலில் திரும்பியது மறுநாள் காலை.

அவர் காப்பாற்ற வந்தாரா, பழி வாங்க வந்தாரா என்று என்னைக் கேட்காதீர்கள். அந்தப் பொத்தான் இல்லையென்றால் அண்ணி ஸ்கேனுக்கே போயிருக்கமாட்டார். அந்த ஸ்கேனில் அவருடைய தகடு தெரியாமல் இருந்திருந்தால் அந்தக் கை பிழைத்திருக்கும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

பல மாதம் கழித்து அண்ணி வேலைக்குத் திரும்பினார். இப்போது அவருக்கும் கழுத்தில் தகடு இருக்கிறது. யாராவது கூப்பிட்டால் நாற்காலியோடு முழுசாகத் திரும்புகிறார். முதல் வாரமே அவர் தணிக்கைக்கு ஒரு ஃபைல் வந்தது. கழுத்து எம்.ஆர்.ஐ. நோயாளியின் பெயர் இருந்த இடத்தில் அண்ணியின் பெயர்.

யார் யாருக்கோ எண் போடுகிற கம்பெனிக்கு அந்த முதல் ஸ்கேன் சென்டரும் வாடிக்கை. அது சகஜம். எண் போட்டிருந்தது மூலை இருக்கை லாகினிலிருந்து. முடக்கிய லாகின். ரிப்போர்ட் எழுதப்பட்டது ஸ்கேனுக்கு மறுநாள் மாலை. எண் போட்ட நேரம் என்று திரையில் இருந்தது அதற்கு முந்தின நாள், காலை பதினொன்று இருபது.

போட்டிருந்த எண், எம் 54.2. கழுத்து வலி. அவ்வளவுதான்.

அண்ணி இதை என்னிடம் சொல்லும்போது சமையலறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

“தப்புன்னு வெட்டிட்டீங்களா, அண்ணி?” என்று கேட்டேன்.

“இல்ல தம்பி. நூத்துக்கு நூறு போட்டுட்டேன்.”

“ஏன்?”

அண்ணி மரத்துப்போன விரல்களை இடது கையால் தேய்த்துக்கொண்டார்.

“நாற்காலி சத்தம் கேட்டுச்சு,” என்றார். “நான் போடுற வரைக்கும் பின்னாடி நின்னு பாத்துட்டே இருந்தாரு.”